பாத்டப் ஸ்பவுட்டைக் கழற்றிய பெல்ட் ரெஞ்ச்

ரப்பர் பட்டையைச் சுற்றிப் பிடித்துத் திருகும் பெல்ட் ரெஞ்ச், பெரிசும் சிறிசுமாக இரண்டு சேர்ந்த செட். பாரிமுனைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் 380 ரூபாய்க்கு வாங்கினேன். ஐந்துக்கு நாலு ஸ்டார் தருகிறேன். குறைத்த ஒன்று எதற்கென்று கடைசியில்.

பெருங்குடியில் எங்களுக்கு ஃபிளாட்டை விற்றவர் ஆசை ஆசையாக பாத்டப் போட்டு வைத்திருந்தார். நாங்கள் யாரும் அதில் படுத்துக் குளித்ததில்லை. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரித் தண்ணி பிடித்து வைக்க உதவியது. இப்போது மாமியார் பெட்ஷீட் ஊற வைக்கிறார். மக்கர் பண்ணியது டப் இல்லை, அதற்கு மேலே சுவரில் இருக்கும் பட்டன் ஸ்பவுட், அதாவது தண்ணியை டப்புக்கோ ஹேண்ட் ஷவருக்கோ திருப்பும் பட்டன் வைத்த குழாய் மூக்கு. போர் தண்ணியின் உப்பு ஏறி பட்டன் நடுவில் நின்றுவிட்டது. ஹேண்ட் ஷவரில் பாதி, டப்பில் பாதி என்று தண்ணி வந்தது.

வந்த பிளம்பர் பைப் ரெஞ்சைப் போட்டு இழுத்தார். குரோமில் பல் பதிந்ததுதான் மிச்சம். “அசைய மாட்டேங்குதும்மா, ரெண்டு டைல்ஸ் உடைச்சாதான் வரும்” என்றார். டீக்காசு கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் பயந்ததில் நியாயம் உண்டு. சுவருக்குள்ளே சிபிவிசி பிளாஸ்டிக் பைப், அதன் நுனியில் பித்தளை மரை போட்ட எல்போ என்ற வளைவு இணைப்பு. வெளியே முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளே எல்போ விட்டுப்போகும். அப்புறம் நிஜமாகவே டைல்ஸைத்தான் உடைக்க வேண்டும்.

ரெஞ்சை எடுப்பதற்கு முன் ஸ்பவுட்டின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சின்ன ஸ்க்ரூ தெரிந்தால் அது செருகு வகை. அல்லன் கீ போட்டுத் தளர்த்தி இழுத்தால் வந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை, அரை இஞ்ச் மரைதான். மொட்டைமாடி வால்வை மூட ஓட வேண்டாம். சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் கலக்கும் மிக்ஸர் குழாயைத் தாண்டித்தான் ஸ்பவுட் இருக்கிறது, மிக்ஸரை மூடினால் போதும். பழைய வேட்டித் துணியைக் கிழித்து, வினிகரில் நனைத்து, சுவரோடு சேரும் இடத்தில் ராத்திரி முழுக்கச் சுற்றி வைத்தேன். உப்பு இளகுவதற்கு அது போதும். டாய்லெட் ஆசிட் பக்கமே போகாதீர்கள், குரோம் போய்விடும்.

காலையில் ஸ்பவுட்டை சோப்புப் பிசுக்கு இல்லாமல் துடைத்துக் காயவைத்தேன். ஈரம் இருந்தால் இந்த பெல்ட் வழுக்கும். சுவரை ஒட்டிய தடித்த பகுதியில் பெல்ட்டைச் சுற்ற வேண்டும். மூக்குப் பக்கம் போட்டால் சரிந்து வந்துவிடும். சுற்றும் திசையும் முக்கியம். சரியாகச் சுற்றினால் கைப்பிடியை இழுக்க இழுக்க பெல்ட் இறுகும், மாற்றிச் சுற்றினால் லூஸாகிக்கொண்டே போகும். முதலில் ஒரு மயிரிழை இறுக்குகிற பக்கம் தள்ளிவிட்டு, பிறகு இடப்பக்கம் இழுத்தேன். “டக்” என்று ஒரு சத்தம். வெள்ளைத் தூள் கொட்டியது. மீதியைக் கையாலேயே திருகி எடுத்துவிட்டேன். புதிதாக ஒரு கீறல்கூட விழவில்லை. பெல்ட் சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்கிறது, பைப் ரெஞ்ச் இரண்டு இடத்தில் கடிக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

எல்போவையும் ஸ்பவுட்டையும் இணைக்கும் குட்டை மரைக்குழாயான நிப்பிளும் ஸ்பவுட்டோடு சேர்ந்தே வந்தது. அதைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் அதே நீளத்தில் வாங்குங்கள். நீளம் கூடினால் புது ஸ்பவுட்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவே இடைவெளி விழும், குறைந்தால் மரை பிடிக்காது. பழைய டெஃப்லான் டேப்பையும் உப்பையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, புது டேப்பை வலச்சுற்றாகச் சுற்றுங்கள்.

இனி அந்த ஒரு ஸ்டார். செட்டில் இருக்கும் சின்ன ரெஞ்ச் வெறும் கணக்குக்குத்தான். அதன் பிளாஸ்டிக் கைப்பிடி அழுத்தினால் வளைகிறது. பெரியதில் பெல்ட் நுனி இப்போதே பிசிறு தட்டுகிறது. சதுர ஸ்பவுட்டுக்கு இது பிடிக்கவே பிடிக்காது, அந்த மாடல் இருப்பவர்கள் காசைக் கரியாக்க வேண்டாம். மற்றபடி ஆர்ஓ ஃபில்டரின் வெளி டப்பாவைத் திறக்க எங்கள் பிளாக்கில் இப்போது ஆளாளுக்கு இதைத்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள். திருப்பித் தருவதில்தான் தகராறு.