சோயா மீட்: பக்கெட்டா, நிறுவையா?

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால், மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வீடுகளில் மீன் சட்டி கவிழ்ந்துவிடும். சோயா மீட்டுக்குக் கிராக்கி. கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, மசாலாத் தூள் உள்ளே வைத்த 90 கிராம் பக்கெட். மற்றது, சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் வெறும் உருண்டை. நிறுவைச் சரக்கே மேல். ஆனால் சாக்குக்குப் பக்கத்தில் கருவாடு இருந்தால் வாங்க வேண்டாம். காய்ந்த சோயா மணத்தை இழுக்கும். விரதக் கறியில் நெத்தலி வாசம் வரும்.

எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சுத் துளை வழியாகத் தள்ளுகிறார்கள். வெளியே வந்த கணத்தில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பொங்குவதால்தான் அந்தப் பஞ்சுத்தன்மை. தனிச் சோயா மாவானால் 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம். கோதுமை மா கலந்தால் குறையும், பக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். இது காய்ந்த கணக்கு. ஊறிப் பிழிந்தபின் எடை இரண்டரை மடங்காகும், அப்போது 100 கிராமில் 20 கிராம்தான். கோழியும் அவ்வளவுதான். "கோழியைவிட இரட்டிப்பு" என்பது காய்ந்ததை ஈரத்தோடு நிறுக்கும் வியாபாரக் கணக்கு.

கறி பிழையாகிப் போவது பெரும்பாலும் ஊறவைப்பதில். 100 கிராமுக்கு ஒரு லீற்றர் கொதிதண்ணி, 10 நிமிடம். அந்தத் தண்ணியைக் கறிக்கு விடாமல் ஊற்றிவிடுங்கள்; பச்சை அவரை வாசமும் வயிற்றில் வாயு கட்டும் சர்க்கரைகளில் ஒரு பங்கும் அதோடு போகும். பச்சைத்தண்ணியில் இரண்டு தரம் அலசி, உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கிப் பிழியவேண்டும். பிழியாவிட்டால் உள்ளே வெறும் தண்ணி நிற்கும், உறைப்பும் உப்பும் இறங்காது. பழப்புளியை ஊறும்போதே விட்டால் புளிப்பில் புரதம் இறுகித் தண்ணி குடிக்காது, ரப்பர்போல் இழுபடும். வெண்காயம், உள்ளி, ரம்பையோடு எண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கி, தேங்காயின் இரண்டாம் பாலில் 10 நிமிடம் அவித்து, முதற்பாலும் புளியும் கடைசியில். அதற்குமேல் கொதித்தால் களியாகும்.

பக்கெட்டிலுள்ள தூளில் உப்பு அதிகம். பாதி போட்டுச் சுவை பார்த்தபிறகே சட்டிக்கு உப்பு. "கணவாய்ச் சுவை", "இறால் சுவை" எல்லாம் தூளின் வேலைதான். ஆனாலும் சேர்மானப் பட்டியல் வாசிக்காமல் விரதத்துக்கு எடுக்கவேண்டாம்.

கோழித்தீனியின் புரதத்தில் பெரும்பங்கு சோயாப் புண்ணாக்கு. அதைக் கோழிக்குப் போட்டால் புரதத்தில் பாதிகூட இறைச்சியாகத் திரும்பாது, நேரே சட்டிக்கு வந்தால் அந்த நட்டமில்லை. புரதத்தின் கூறுகளில் ஒன்றான மெதியோனின் சோயாவில் குறைவு. சோறு அதை ஈடுசெய்யும். விற்றமின் பி12 இதில் இல்லை. வருடம் முழுக்கச் சைவமென்றால் பால், தயிர் வேண்டும்.

வாவிக்கரை ஈரத்தில் திறந்த பக்கெட் சீக்கிரம் நமுத்துச் சிக்கு மணம் பிடிக்கும். மூடி இறுகும் போத்தலில் போடுங்கள். ஊறவைத்ததை பிரிஜ்ஜில் ஒரு நாளுக்குமேல் வைக்கவேண்டாம்.