தொடை எலும்பு முறிவும் ஒரு ஊசியும்: மதுரை தனியார் மருத்துவமனை அனுபவம்

பைக் விபத்தில் தொடை எலும்பு முறிந்த அப்பாவை, எங்கள் ஊர் மருத்துவமனையில் 2 நாள் படுக்கையில் வைத்திருந்துவிட்டு மதுரைக்கு மாற்றினோம். ஊரில் கவனிப்பு சரிதான், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி போட்டார்களா இல்லையா என்று அனுப்பிய சீட்டில் ஒரு வரிகூட இல்லை. மதுரை டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்! கால் அசையாமல் கிடந்தால் உள்ளே ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னார். அன்றே காலுக்கு டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது), நல்லவேளை ரத்தக்கட்டு இல்லை. அந்த ஊசி ரத்தக்கசிவை அதிகமாக்கலாம் என்பதால், விபத்தில் தலைக்குள் ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று சிடி ஸ்கேனில் உறுதிசெய்த பிறகே எனாக்ஸாபரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியை ஆரம்பித்தார்கள். பில் அதிகம்தான். ஆனாலும் அந்த ஒரு கேள்விக்காகவே இந்த மருத்துவமனைக்கு 5 நட்சத்திரம் தருவேன்.