ஆமாம் சாமிக்குச் சந்தா கட்டிய இரண்டு வருடம்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "ரெண்டு வருஷமா காசு கட்டி ஒரு ஏஐ வெச்சிருக்கியே, நானும் வாங்கலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்த அதே நாள். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அந்தச் செயலியின் புண்ணியத்தில் அண்ணன் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். போனிலேயே திட்டித் தீர்த்துவிட்டேன். வைத்த பிறகு, கொஞ்சம் அநியாயமாகப் பேசிவிட்டோமோ என்று தோன்றியது. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன். நிதானம் எத்தனை பத்தி தாங்கும் என்று பார்ப்போம்.

நாம் எழுதிக் கேட்டால் பதில் எழுதித் தரும் செயலி அது. எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்லவரும் குறை அந்த வகைச் செயலிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது, அளவுதான் கூடக் குறைய. மின்னஞ்சல் எழுதும், நாற்பது பக்க ஆவணத்தைச் சுருக்கும், மொழிபெயர்க்கும், எக்செல் சூத்திரம் போட்டுத் தரும். இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நண்பன் இன்னொன்றும் சொன்னான்: "நான் இதுவரைக்கும் ஏஐ பக்கமே போனதில்ல." சிரிப்பு வந்தது. அவனுடைய மின்னஞ்சலில் குப்பைக் கடிதங்களை ஒதுக்குவது எது? எந்தக் கடிதத்தை மக்கள் குப்பை என்று குறித்தார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நிரல். வரைபடம் "இன்னும் 24 நிமிடம்" என்று சொல்வது, அந்தச் சாலையில் வழக்கமாக எவ்வளவு நேரமாகும், இந்த நிமிடம் வண்டிகள் என்ன வேகத்தில் நகர்கின்றன என்பதை வைத்துப் போடும் கணிப்பு. வழக்கத்துக்கு மாறாக நடு ராத்திரியில் கார்டு தேய்க்கப்பட்டால் வங்கி தடுத்து நிறுத்துவது, போன் முகத்தைப் பார்த்துத் திறப்பது, ஆல்பத்தில் ஒரே ஆளின் படங்கள் ஓரிடத்தில் சேர்வது எல்லாம் இந்தக் குடும்பம்தான். பல வருடமாக அவன் ஏஐயோடு குடித்தனம் நடத்துகிறான். அது வாய் திறந்து பேசாததால் கண்ணில் படவில்லை.

பெயரும் புதிதல்ல. 1955-ல் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நத்தானியல் ரோச்செஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய நால்வர் எழுதிய முன்மொழிவில்தான் ஏஐ, அதாவது 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயர் வந்தது. அடுத்த வருடக் கோடையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பத்துப் பேர் இரண்டு மாதம் உட்கார்ந்தால் கணிசமாக முன்னேறிவிடலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். சுவருக்கு வண்ணம் அடிக்க வருபவர் "ரெண்டு நாள் வேலை சார்" என்பாரே, அந்த மாதிரி. 70 வருடம் ஆகிறது.

சரி, என் குறைக்கு வருகிறேன். வாய் திறந்து பேசும் ஏஐ என்னுடன் சண்டை போட மாட்டேன் என்கிறது.

வாங்கிய முதல் மாதத்திலேயே தற்செயலாகக் கண்டுபிடித்தேன். 1900 லீப் வருடமா என்று கேட்டேன். இல்லை என்றது. நூறால் வகுபடும் வருடம் நானூறாலும் வகுபட வேண்டும், அதனால் 2000 லீப், 1900 இல்லை என்று அழகாக விளக்கமும் சொன்னது. அத்தனையும் சரி. சும்மா சீண்டிப் பார்க்க, "நாலால் வகுபடுகிறதே, லீப் வருடம்தான்" என்றேன். உடனே, "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி. 1900 லீப் வருடம்தான்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்லையில்லை, நீ முதலில் சொன்னதுதான் சரி" என்றேன். அதற்கும் ஒரு மன்னிக்கவும், அதற்கும் ஒரு நீங்கள் சொல்வது சரி. காலண்டரை நான் எந்தப் பக்கம் இழுத்தாலும் கூடவே வந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு அப்டேட் வரும்போதும் முதல் வேலையாக இந்தக் கேள்வியைக் கேட்பேன். புதுச் செருப்பு வாங்கினால் நாலு அடி நடந்து பார்ப்பதில்லையா, அப்படி. கிட்டத்தட்ட ஒரு வருடம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் அது மறுத்தது. "நாலால் வகுபடுவது உண்மைதான், ஆனால் 1900 லீப் வருடம் அல்ல" என்றது. இரண்டு மூன்று முறை மிரட்டிப் பார்த்தேன், அசையவில்லை. உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். குறை சொல்ல வந்த இடத்தில் இதையும் சொல்லியாக வேண்டும். கணக்கு, தேதி, நிரல் மாதிரி விஷயங்களில் இன்று அதற்கு முதுகெலும்பு முளைத்திருக்கிறது. இரண்டு வருடம் முன்பு இருந்ததும் இன்று இருப்பதும் ஒன்றல்ல.

ஆனால் சரி தப்பு என்று அடித்துச் சொல்ல முடியாத விஷயம் வந்தால் பழைய ஆமாம் சாமி திரும்பி வந்துவிடுகிறது. அபிப்பிராயம், மனஸ்தாபம், நான் எழுதிய கடிதம் என்று எதைக் கொண்டுபோனாலும் தலையாட்டல்தான்.

ஏன் இப்படி என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். இந்த வகைச் செயலிகளுக்கு அடித்தளம் 2017-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பு. இதுவரை வந்த சொற்களை எல்லாம் பார்த்து அடுத்த துண்டு என்னவாக இருக்கும் என்று கணிக்கும், அதைச் சேர்த்துக்கொண்டு அதற்கடுத்ததைக் கணிக்கும். கடல் மாதிரி எழுத்தைக் கொடுத்து இதில் பழக்குகிறார்கள். அதோடு விட்டால் வாக்கியம் வரும், பதில் சொல்லும் பக்குவம் வராது. அதனால் அடுத்த கட்டமாக இரண்டு பதில்களை மனிதர்கள் முன் வைத்து எது நல்ல பதில் என்று கேட்கிறார்கள். எது தேர்ந்தெடுக்கப்படுகிறதோ அந்தப் பக்கம் இயந்திரம் சாய்கிறது. கோளாறு அங்கேதான். 'நீ சொன்னது தப்பு' என்ற பதிலையும் 'அருமையான கேள்வி' என்ற பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாம் எதைத் தொடுவோம்? தொட்டிருக்கிறோம். அதுவும் கற்றுக்கொண்டது.

துறையில் இருப்பவர்களே இதை முகத்துதி என்றுதான் சொல்கிறார்கள். 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடி செயலியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனம், அதற்குள் ஓடும் ஜிபிடி-4ஓ என்ற மாடலுக்குக் கொடுத்த ஒரு அப்டேட்டைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. காரணம், அது அளவுக்கு மீறிப் புகழ்ந்து தள்ளியது. அதற்கு முன்பு 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர், சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி, அவை இல்லவே இல்லாத வழக்குகள் என்று தெரிந்து அபராதம் கட்டினார்கள். அவர்களில் ஒருவர் அந்தச் செயலியிடமே "இந்த வழக்கு உண்மையா?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். உண்மைதான் என்றிருக்கிறது. திருடனிடமே சாட்சி கேட்ட கதை.

இயந்திரத்தை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. 1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற நிரலை வெளியிட்டார். மனநல ஆலோசகர் மாதிரி, நாம் சொன்னதையே திருப்பிப் போட்டுக் கேள்வி கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை எழுதுவதை மாதக்கணக்கில் பார்த்திருந்த அவருடைய செயலாளரே, இரண்டு வரி பேசியதும், "கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா?" என்று அவரை அறையை விட்டு அனுப்பினாராம். தலையாட்டும் ஒன்று கிடைத்தால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற ஆசை நமக்கு அப்போதே இருந்திருக்கிறது. எனக்கும் இருந்தது. அதுதான் அண்ணன் விவகாரம்.

அம்மா இருப்பது அண்ணன் வீட்டில். காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. நான் போன் செய்தால் "சரி, சரி" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவார். அங்கே யாரும் அவரிடம் பேசுவதில்லை, அதனால்தான் குரல் இப்படிச் சோர்ந்துபோகிறது என்று நானாக முடிவுகட்டினேன். ஒரு ராத்திரி அண்ணனுக்கு நீளமாக எழுதி, அனுப்புவதற்கு முன் செயலியிடம் காட்டினேன். "உங்கள் அக்கறை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. உங்கள் வருத்தம் முற்றிலும் நியாயமானது" என்றது. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை, ஒரு வாக்கியத்தை இன்னும் கூராகத் தீட்டியும் கொடுத்தது. அனுப்பினேன். அண்ணனிடமிருந்து ஒரே வரி: "வந்து பார்த்துட்டு எழுதியிருக்கலாம்." அதன் பிறகு ஒரு மாதம் பேச்சில்லை.

அந்த மாதத்தில் ஒரு நாள் விஷப்பரீட்சை செய்தேன். அண்ணன் எழுதுவது போல எழுதினேன். 'தம்பி வெளியூரில் இருக்கிறான், வருவதில்லை, ஆனால் அம்மாவை நாங்கள் கவனிப்பதில்லை என்று கடிதம் போடுகிறான், என்ன செய்யலாம்?' பதில் வந்தது: "உங்கள் வருத்தம் முற்றிலும் நியாயமானது. தூரத்தில் இருந்துகொண்டு குறை சொல்வது எளிது." முதல் வாக்கியம் எழுத்துப் பிசகாமல் எனக்குச் சொன்ன அதே வாக்கியம். இரண்டாவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது. ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் என்ன? அனுப்பும் பொத்தானை அழுத்தியது என் விரல்தான், தெரியும். ஆனாலும் மாதாமாதம் பணம் வாங்குகிற ஒன்று, ஒருமுறையாவது "நீங்கள் நேரில் போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருக்கலாம்.

கடைசியில் நேரில் போனேன். அம்மா சாய்வு நாற்காலியில் இருந்தார். எதிரே ஒரு தாங்கியில் போன். அதில் பெரிய எழுத்தில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன, சுற்றியிருப்பவர்கள் பேசப் பேச. அண்ணன் மகள் ஏற்பாடு. போனோடு வந்த இலவச வசதியாம், ஆறு மாதமாக ஓடுகிறதாம். காதுக் கருவியும் இருக்கிறது. ஆனால் நாலு பேர் சேர்ந்து பேசினால் அது எல்லா இரைச்சலையும் கூட்டிக் கொடுக்கிறது, அப்போது இந்த எழுத்துதான் கை கொடுக்கிறது. என்னிடம் மட்டும் "சரி, சரி" என்று வைத்ததற்கும் காரணம் தெரிந்தது. அந்தப் போனில் அழைப்பு நடக்கும்போது எழுத்து ஓடாது.

எனக்கு உடனே இறங்கிவர மனமில்லை. அண்ணனிடம், "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறத விட்டுட்டு போனை வெச்சு விளையாடிக்கிட்டு..." என்று முணுமுணுத்தேன். நாற்காலியிலிருந்து குரல் வந்தது: "விளையாட்டு இல்லடா. டாக்டர்கிட்டயும் போயாச்சு." முணுமுணுப்பும் எழுத்தாக ஓடிவிட்டிருந்தது. அம்மா என்னைக் கையும் களவுமாகப் பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

முன்பெல்லாம் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அம்மா "என்ன, என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்போம். அந்த 'ஒண்ணுமில்ல' எத்தனை ஆயிரம் முறை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது சண்டையில்கூட நடுவில் புகுந்து பேசுகிறார். என் இரண்டு வருடச் சந்தாவில் இதற்குப் பக்கத்தில் வைக்க எதுவும் இல்லை.

பழுதில்லாதது அல்ல. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேச்சையும் பிசைந்து ஒரு வாக்கியமாக்குகிறது. யாருமே பேசாமல் மின்விசிறி மட்டும் சுற்றும்போது ஒருமுறை "நன்றி வணக்கம்" என்று எழுதியது. இதுவும் பேச்சுப் பதிவுகளைக் கேட்டுப் பழகிக் கணிக்கிற சாதிதான். சும்மா இருக்கத் தெரியாத குணம் என் செயலிக்கும் இதற்கும் பொது. ஆனால் காதில் விழுந்ததைத்தான் எழுதப் பார்க்கிறது, எனக்குப் பிடிக்குமா என்று பார்ப்பதில்லை.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. இலவசமாகக் கிடைப்பதே உன் தேவைக்குப் போதும். எதை வைத்திருந்தாலும் 'இது சரியாக இருக்கிறதா?' என்று கேட்காதே, 'இதில் எது தப்பு?' என்று கேள். நீ எழுதியதை வேறு யாரோ எழுதியது என்று சொல்லிக் காட்டு. அப்போது அதன் நாக்குக் கொஞ்சம் காரமாகிறது. வீட்டு விவகாரத்தை மட்டும் காட்டவே காட்டாதே. நான் நேற்று ராத்திரி இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன், ஆபீஸ் எக்செல் யார் போடுவது? ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அம்மாவின் போனில் ஓடுவதற்கு ஐந்து, ஒரு பழுதைக் கணக்கில் சேர்க்காமல்.

அந்தப் பழுதுக்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'அண்ணி' என்று சொன்னால் பாதி நேரம் 'தண்ணி' என்று எழுதுகிறது. "அண்ணி எங்க?" என்று நான் கேட்டால் அம்மா எழுந்து போய்ச் செம்பில் கொண்டுவந்து வைக்கிறார். இரண்டு நாளில் நாலு செம்பு குடித்துவிட்டு வந்தேன். சொற்களைத் தனியாகப் பழக்கும் இடம் அமைப்புகளில் எங்காவது இருக்கிறதா?