எத்திக்கல் ஹேக்கிங் வகுப்பில் 38,500 ரூபாய் இழந்தேன்: சேரும் முன் படித்துவிடுங்கள்

எத்திக்கல் ஹேக்கிங், அதாவது உரிமையாளரின் அனுமதியோடு கணினிகளை உடைத்துப் பார்த்து ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கற்றுத் தருவதாகச் சொன்ன ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தேன். நேற்று மாலை அதன் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். 38,500 ரூபாய் கட்டியிருக்கிறேனே, லேப் (செய்முறைப் பயிற்சிக் கூடம்) எப்போது திறக்கும் என்று கேட்டதைத் தவிர வேறு எந்தக் குற்றமும் நான் செய்யவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நிலையத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. கோவையில், மாடியில், 'நூறு சதவீத வேலை உறுதி' என்ற பதாகையோடு நடக்கும் ஒரு தனியார் கணினிப் பயிற்சி நிலையம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் ஒரு நூற்பாலையில் கணக்கெழுதுபவன். கணினிப் பாதுகாப்புத் துறைக்கு மாறிவிடலாம் என்ற ஆசையில் விசாரிக்கப் போனேன். பயிற்றுநர் என் மின்னஞ்சல் முகவரியை மட்டும் கேட்டு வாங்கி, சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் தட்டினார். என் முகவரி மூன்று தகவல் கசிவுகளில் சிக்கியிருப்பதாகத் திரை காட்டியது. அவற்றுள் ஒன்று, கல்லூரி நாளில் நான் கணக்குத் தொடங்கிப் பிறகு மறந்தே போன ஒரு தளம். "தம்பி, உங்க பாஸ்வேர்டு ஊரெல்லாம் சுத்திக்கிட்டு இருக்கு. இதை எங்க சாஃப்ட்வேர்தான் கண்டுபிடிச்சது" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தில் 32,000 ரூபாயை அந்த நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே யுபிஐயில் அனுப்பினேன். அதுவும் ஒரு தனிநபரின் கணக்குக்கு.

அந்தச் 'சாஃப்ட்வேர்', டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்னும் இலவச இணையதளம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. யார் வேண்டுமானாலும் தன் முகவரியை அதில் சோதித்துக்கொள்ளலாம். எந்தக் கசிவில் முகவரி அகப்பட்டது என்று அது சொல்லுமே தவிர, நம் கடவுச்சொல்லை எடுத்துக் காட்டாது. அன்று திரையில் முகவரிப் பட்டை தெரியாதபடி முழுத்திரையாக்கி வைத்திருந்தது ஏன் என்பதும் இப்போது விளங்குகிறது. ஆளை ஏமாற்றித் தகவலையோ பணத்தையோ கறப்பதற்கு இந்தத் துறையில் 'சோஷியல் இன்ஜினியரிங்' என்று பெயர். மூன்றாவது வகுப்பில் அதைப் பற்றி அவரே சிரித்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

மீதி 6,500 ரூபாய் 'லேப் மென்பொருள்' கட்டணம். அதற்கு ஒரு பென்டிரைவ் கொடுத்தார்கள். அதில் இருந்தது 'காலி லினக்ஸ்' (Kali Linux). 2013 முதல் அதன் சொந்தத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம் அது.

இரண்டு மாதத்தில் நடந்தவை ஒன்பது வகுப்புகள். அவற்றில் எட்டு, ஸ்லைடைப் பார்த்து வாசித்தவை. ஒரே ஒரு நாள் டெமோ காட்டினார். 'வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சர்வர்' என்று சொல்லி, அதன் 21-ஆம் போர்ட் (வெளி இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசல்) வழியாக உள்ளே நுழைந்து, நான் யார் என்று கேட்கும் கட்டளையைத் தட்டினார். 'ரூட்' என்று பதில் வந்தது, அதாவது அந்தக் கணினியில் எதையும் செய்யும் முழு அதிகாரம். வகுப்பே கைதட்டியது, நானும்தான். போன வாரம் மெட்டாஸ்பிளாய்டபிள் என்ற பயிற்சிக் கணினியை (நம் கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வீட்டில் இறக்கி ஓட்டினேன். அன்று பார்த்த அதே எழுத்துகளில், அதே எச்சரிக்கை வரியோடு அதே முகப்பு வந்து நின்றது. கற்றுக்கொள்பவர்கள் உடைத்துப் பழகட்டும் என்று வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்து இலவசமாகக் கொடுக்கும் கணினி அது. டெமோவில் அவர் பயன்படுத்தியது, 2011-இல் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்ற சர்வர் மென்பொருளின் தரவிறக்கக் கோப்பில் யாரோ புகுத்திவிட்ட கள்ளக்கதவு. பயனர் பெயரோடு முக்காற்புள்ளியும் மூடும் அடைப்புக்குறியுமான சிரிப்புக் குறியைச் சேர்த்துக் கொடுத்தால் 6200-ஆம் போர்ட் திறந்துகொள்ளும். அருமையான பாடம்தான், பொய் சொல்லாமலே நடத்தியிருக்கலாம்.

பணத்தைவிட என்னை அதிகம் கொதிக்க வைப்பது அவர் கொடுத்த வீட்டுப்பாடம். பக்கத்துக் கடையின் வைஃபை கடவுச்சொல்லை உடைத்து, அதன் ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடச் சொன்னார். உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதியும், எதைச் சோதிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற வரையறையும் இருந்தால்தான் அது எத்திக்கல் ஹேக்கிங். அவை இல்லாமல் செய்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடும். முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டிய இதை ஒன்பது வகுப்பிலும் அவர் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இருவர் எங்கள் பேட்சில் இருந்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கத் தொடங்கியதும் பதில்கள் நாளுக்கொன்றாக மாறின. 'சார் மீட்டிங்கில் இருக்கிறார்' என்றார்கள். 'அடுத்த பேட்ச் சேர்ந்ததும் லேப் திறப்போம்' என்றார்கள். வரவேற்பில் இருந்த பெண், "நான் சேர்ந்தே ஒரு மாசம்தான் ஆகுது, எனக்கே சம்பளம் வரலைங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவரிடம் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் உரிமையாளர் ஃபோனை எடுத்து, ரசீதின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். செலுத்திய கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் அச்சிட்டிருந்தது. 38,500 ரூபாய்க்கு என்னிடம் மிஞ்சியவை அந்த ரசீதும் பென்டிரைவும்தான்.

எப்படிப் பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. டெமோவைப் பார்த்த அன்றே பணம் கட்டாதீர்கள். தனிநபர் கணக்குக்கு அனுப்பாதீர்கள். ரசீதைத் திருப்பிப் பாருங்கள். சான்றிதழைத் தருவது யார், அதை வெளியார் எங்கே சரிபார்க்கலாம் என்று கேளுங்கள். காலி லினக்ஸுக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அனுமதியில்லாத எதையும் உடைக்கச் சொன்னால் செய்யாதீர்கள், யார் சொன்னாலும் சரி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாளை காலை மில்லுக்குப் போகும் முன் அழைக்கப் போகிறேன். அந்த பேட்சில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாமல், எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.