கண்ணாடிக்குத் தண்ணீர் வரவில்லை: ஊக்கா, வொர்க்‌ஷாப்பா, ஜோகூரா?

தூறல் விட்ட பிறகுதான் தொல்லையே. ஆயர் ராஜா விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் போகிற லாரி, சேற்றுத் தண்ணீரை நம் கார் கண்ணாடிமேல் வாரி இறைக்கும். அன்றைக்கு வாஷர் தண்டை (கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்ச, ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கம்பி) இழுத்தேன், சொட்டு வரவில்லை. வைப்பர் மட்டும் காய்ந்தபடி ஓடி, கண்ணாடி முழுக்கச் சேற்றை மெழுகி வைத்தது.

நம் சிங்கப்பூரில் இதற்கு மூன்று வழி இருக்கிறது. நாமே பார்ப்பது, உபியிலோ காக்கி புக்கிட்டிலோ ஒரு வொர்க்‌ஷாப், இல்லையென்றால் கடற்பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூர். மூன்றையும் வெவ்வேறு சமயத்தில் செய்து பார்த்தவன் நான்.

எந்த வழி என்பதை முதலில் காது சொல்லும். எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் 'ஆன்' நிலையில் வைத்து, வீட்டில் யாரையாவது வாஷர் தண்டை இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்சக்கரத்தின் பக்கம் நில்லுங்கள். 'ஙொய்ங்' என்று சத்தம் வந்தால் பம்ப் சுற்றுகிறது, கோளாறு தண்ணீர் வரும் பாதையில். சத்தமே இல்லையென்றால் மின்சாரப் பக்கம், அல்லது பம்ப்பே போயிருக்கும்.

சத்தம் வருகிறதா? வொர்க்‌ஷாப்புக்குப் போகாதீர்கள் என்பேன். டேங்கில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள் (சிரிக்காதீர்கள், ஒரு தடவை எனக்கு அதுதான் கோளாறு). அடுத்து பானெட்டைத் தூக்கி, நாசிலுக்கு (தண்ணீர் பீய்ச்சும் சின்ன முனை) போகும் ரப்பர் ட்யூப்பைக் கழற்றிவிட்டு மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். ட்யூப்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் நாசில் அடைப்பு. ஒரு ஊக்கின் முனையால் துளையை மெல்லக் குத்தினால் போதும். அழுத்திக் குத்தினால் நாசிலின் திசை மாறி, தண்ணீர் கண்ணாடிக்கு வராமல் கூரைக்குமேல் பறக்கும். எனக்கு ஊக்கில் வந்தது பச்சைப் பிசின் மாதிரி ஒன்று, பாசி. ட்யூப்பிலும் தண்ணீர் வராவிட்டால், அது எங்கேயோ மடங்கியிருக்கும், வெடித்திருக்கும், அல்லது டேங்கின் அடியில் உள்ள சல்லடை அடைத்திருக்கும். டேங்க் காலியாக இருக்கும்போது தண்டை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். பம்ப்புக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி, வெறுமனே சுற்றினால் கருகும்.

சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ். பெட்டி மூடியின் உட்பக்கம் எது எதற்கு என்று படம் இருக்கும். கருகியிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். மாற்றியதும் மறுபடி போனால் எங்கோ ஷார்ட். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்கவே வேண்டாம்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால், இங்கேதான் வொர்க்‌ஷாப் ஜெயிக்கிறது. பல கார்களில் பம்ப், முன்சக்கரத்துக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றினால்தான் கைக்கு எட்டும். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) பலமாடி நிறுத்துமிடத்தில், பக்கத்து வண்டிக்கு இரண்டடி இடைவெளியில், செய்கிற வேலை இல்லை அது. ஆனால் அங்கே போனதும் "பம்ப் போச்சு, மாத்தணும்" என்று உடனே சொன்னால் ஒன்று கேளுங்கள்: பம்ப்பின் ஒயர் இணைப்பைக் கழற்றி வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தார்களா? தண்டை இழுக்கும்போது 12 வோல்ட் கிட்ட காட்டினால் பம்ப் செத்தது உண்மை. ஒன்றும் காட்டாவிட்டால் புதுப் பம்ப்பும் சுற்றாது, கோளாறு ஒயரிலோ சுவிட்சிலோ. ஒரு இடத்தில் மீட்டரைத் தொடாமலே என்னிடம் புதுப் பம்ப் விற்றார்கள். மறுநாளும் தண்ணீர் வரவில்லை.

அந்தக் கோபத்தில்தான் ஜோகூர் போனேன். உள்ளூரில் கூலி அதிகம், அங்கே ரிங்கிட்டில் முடிந்துவிடும் என்ற கணக்கு. மெக்கானிக் தம்பி பானெட்டுக்குள் கைவிட்டு இரண்டு நிமிடத்தில், "அண்ணே, பம்ப் ஒண்ணும் ஆகல. உள்ள ஒயர் இணைப்பு துரு பிடிச்சிருக்கு, சுத்தம் பண்ணிட்டேன்" என்றார். டீ காசுதான் வாங்கினார். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நின்றது மூன்று மணி நேரம், கிளம்புமுன் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதிக்காக நிரப்பியது தனி. வேறு வேலையாகப் போகிறவர்களுக்கு ஜோகூர் சரி. இதற்கென்றே போவது, கொசு அடிக்கப் பீரங்கி.

பின்கண்ணாடிக்கு மட்டும் தண்ணீர் வரவில்லையா? ஹேட்ச்பேக்குகள் சிலவற்றில் ஒரே பம்ப்தான் இரண்டு பக்கமும். மோட்டார் ஒரு திசையில் சுற்றினால் முன்னால், எதிர்த்திசையில் சுற்றினால் பின்னால். முன்னால் நன்றாக வருகிறது என்றால் முதலில் பின்பக்க ட்யூப்பைத்தான் பார்ப்பேன்.

அப்புறம் நிரப்புவது. வெறும் குழாய்த் தண்ணீர் நம் வெயிலில் பாசி கட்டும். பாத்திரம் கழுவும் திரவம் நுரைத்து நாசிலில் படியும், பெயின்டுக்கும் நல்லதல்ல. வாஷர் திரவம் வாங்கலாம், ஆனால் பனிக்காக உறையாமல் இருக்கச் செய்ததற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், இங்கே எங்கே உறையப்போகிறது? நான் சாதாரண வகையை, டப்பாவில் சொன்ன அளவில் தண்ணீர் கலந்து ஊற்றுகிறேன். ஊக்கு இன்னும் டேஷ்போர்டு அறையில் கிடக்கிறது.