பால் போத்தலா, பால் பெட்டியா?

கோலாலம்பூர் கடைகளில் குளிர்பெட்டியில் பிளாஸ்டிக் போத்தல் பால், வெளித்தட்டில் மாதக்கணக்கில் தாங்கும் பெட்டிப் பால். காலியான பிறகு மறுசுழற்சிக்கு எது சுலபம்?

போத்தல்தான். பெரும்பாலும் எச்டிபிஇ என்ற ஒரே பிளாஸ்டிக். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்றிருக்கும். நொறுக்கி, கழுவி, உருக்கினால் குழாயாகவோ குப்பைத் தொட்டியாகவோ மறுபடி வரும்.

பெட்டியின் கதை வேறு. கத்தரித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளியாய் மின்னும். சுமார் முக்கால் பங்கு அட்டை, மீதியில் பெரும்பகுதி பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், 5% அளவுக்கு அலுமினியம். ஒளியையும் காற்றையும் தடுப்பது அந்த மெல்லிய தகடுதான். ஆனால் பிரிப்பதற்குத் தனி ஆலை வேண்டும்: தண்ணீரில் போட்டுச் சுழற்றினால் காகித நார் பிரிந்து வரும், எஞ்சும் பிளாஸ்டிக்-அலுமினியக் கலவை கூரைத் தகடாகும். அதனால் பழைய பேப்பர் கட்டோடு பெட்டியைச் சேர்க்காதீர்கள்.

தினமும் பால் செலவாகும் வீட்டுக்கு நான் போத்தலையே சொல்வேன். எப்போதாவது தேநீருக்கு மட்டும் என்றால் சின்னப் பெட்டி சரி, பால் வீணாகாது.

இங்கே 2015 செப்டம்பர் முதல் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். மறுசுழற்சிப் பொருளை வாரம் ஒருமுறைதான் எடுப்பார்கள். நம் வெயிலுக்கு அலசாத பால் அதற்குள் நாறிவிடும். இரண்டையும் அலசுங்கள், பெட்டியின் மடிப்புகளைப் பிரித்துத் தட்டையாக்கிக் காயவையுங்கள்.