3 மி.மீ. வெட்சூட்டா, 5 மி.மீ. வெட்சூட்டா?

கிணற்றில் நீச்சல் பழகிய நம்ம கோவை, ஈரோட்டுப் பசங்க இப்போது ஸ்கூபா டைவிங்குக்கு அந்தமான் கிளம்புகிறார்கள். அங்கே கடல்நீர் 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும். அதற்கு 3 மி.மீ. தடிமனுள்ள வெட்சூட் (தண்ணீருக்குள் உடம்புச் சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடை) தாராளம். கை, கால் சுலபமாக மடங்கும், இடுப்பில் கட்டும் ஈயமும் குறைவு.

5 மி.மீ. கதகதப்புதான், ஆனால் மிதப்பு அதிகம். அமிழ்வதற்கு ஈயத்தைக் கூட்டணும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகி, நியோபிரீனுக்குள் (வெட்சூட் செய்யும் நுரை ரப்பர்) இருக்கும் வாயுக் குமிழிகள் நசுங்கும். மிதப்பும் கதகதப்பும் அங்கே குறைந்துவிடும். சட்டென்று குளிரெடுப்பவர்கள், ஒரே நாளில் மூன்று நான்கு முறை இறங்குபவர்கள் மட்டும் இதை வாங்கலாம்.

தையலைக் கட்டாயம் பாருங்கள். திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: பிளாட்லாக் தையலில் ஊசித் துளை வழியே தண்ணீர் கசியும். வெதுவெதுப்பான கடலுக்கு அது பரவாயில்லை. குளிர்கடலுக்கு, பசையால் ஒட்டி, ஊசி மறுபக்கம் போகாமல் தைத்ததுதான் சரி.

எதுவானாலும் உடம்போடு ஒட்டணும். கழுத்திலும் நடுமுதுகிலும் இடைவெளி இருந்தால் புதுத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அப்புறம் 5 மி.மீ. போட்டும் நடுக்கம்தான். போட்டுப் பார்த்து, குந்தி எழுந்து, கையைத் தூக்கி, மூச்சு தாராளமாக வந்தால் மட்டும் காசு கொடுங்கள்.